கோல் விழாத முதல் பாதி

நான்கு வருடங்களுக்கு முன்பு, மத்திய ஆசிய நாடொன்றின் தலைநகரில் இது நடந்தது. இருபது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கிண்ண உதைபந்தாட்டத் தகுதிகாண் சுற்றுக்காக இலங்கை அணியோடு அங்கே போயிருந்தேன். நான் அணியின் பந்துக்காப்பாளர். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. தூரத்து மலைகளில் பனி வெள்ளையாகக் கிடப்பதைக் கண்டதும் அதுதான் முதல் தடவை. ஊரில் யாராவது அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் பனியைப் பற்றித்தான் சொல்லுவேன். மற்றதை இப்போதுதான் முழுவதுமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவு. அப்பா நண்டு வலை போடுகிறவர். பள்ளிக்கூடத்துக்குப் பண்ணைப் பாலத்தால் சைக்கிளில் நகரத்துக்குப் போய் வந்தேன். அங்கே பெண்கள் அணி தொடங்கியபோது கோலுக்குள் நிற்க ஒருத்திக்கும் விருப்பமில்லை. நான் உயரம் என்பதால் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். நின்ற பிறகு எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. பள்ளிக்கூடம், மாவட்டம், பிறகு தேசியப் பயிற்சி முகாம் என்று ஒவ்வொரு படியாகப் போய், கடைசியில் வெளிநாட்டுக்குப் போகிற பட்டியலில் என் பெயரும் வந்தது.

பெயர் வந்த அன்றே ஊர் மாறிவிட்டது. சந்தியில் என் படத்தைப் போட்டுப் பெரிய பதாகை கட்டினார்கள். மாதா கோவிலில் ஞாயிறு பூசையில் எனக்காக வேண்டுதல் சொன்னார்கள். என்னைக் கண்டால் "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த விளையாட்டு ஏன்" என்று அம்மாவிடம் முறையிடுகிற சொந்தக்காரர்கள்கூட வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். போட்டிகள் இணையத்தில் நேரடியாக வரும் என்று அறிந்து, சனசமூக நிலையத்தில் பெரிய திரை கட்டுவதற்கு விளையாட்டுக் கழகத்து அண்ணைமார் ஏற்பாடு செய்தார்கள். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பிறகு நான் செய்த காரியத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

அங்கே விடுதியில் எனக்கும் அணியின் இரண்டாவது பந்துக்காப்பாளருக்கும் ஒரே அறை கிடைத்தது. அவள் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. என்னைவிட ஏழெட்டு மாதம் மூத்தவள். அம்மா ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், அப்பா இல்லை. முகாமில் பழகிப் பழகி எனக்குச் சிங்களம் ஓரளவு வந்திருந்தது. அவளுக்குத் தமிழில் "சாப்பிட்டாச்சா", "பந்து எனக்கு", "பயப்பிடாதே" என்று நாலைந்து வசனம் தெரியும். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை நங்கி, அதாவது தங்கை, என்பாள். அவள் சிங்களத்தில் சொன்னவற்றை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிற இரண்டு பேரை ஒரே அறையில் போட்டால் எப்படி இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். மனத்தாங்கல் ஏதுமில்லை. ஆனால் ஒரு விஷயம் எங்கள் இருவருக்கும் தெரியும். அணியில் வேறு யாரும் களைத்துப்போனால் ஆள் மாற்றுவார்கள். பந்துக்காப்பாளரை அப்படி மாற்ற மாட்டார்கள். எனக்கு ஏதாவது நடந்தால்தான் அவளுக்கு இடம். அதை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் எனக்கு அறுபது எழுபது பந்து அடித்துத் தந்து என்னைத் தயார்ப்படுத்துவதும் அவள்தான்.

எங்கள் குழுவில் நான்கு அணிகள். முதல் போட்டியில் பெரிய அணியொன்றிடம் ஆறு கோல் வாங்கினோம். அது எதிர்பார்த்ததுதான். ஆறு வாங்கினாலும் பத்துப் பன்னிரண்டு பந்தை நான் தடுத்திருந்தேன். அதனால் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். பயிற்றுநர் சொன்னார், இரண்டாவது போட்டி எங்களால் சமாளிக்கக்கூடியது, அதில் சமநிலை எடுத்தாலே இந்த அணிக்குப் பெரிய காரியம் என்று. எல்லோருடைய நினைப்பும் அந்த ஒரு போட்டியிலேயே இருந்தது.

அதற்கு முதல்நாள் பின்னேரப் பயிற்சியில்தான் அது நடந்தது. மூலை உதைகளைத் தடுத்துப் பழகிக்கொண்டிருந்தோம். வேகமாக வந்த ஒரு பந்தைத் தட்டப் பாய்ந்தபோது, பந்துக்கும் கம்பத்துக்கும் இடையில் என் வலது கை மோதிர விரல் அகப்பட்டது. சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. சுள்ளி முறிகிற மாதிரி. எனக்கு மட்டும் கேட்டதா, அருகில் நின்ற அவளுக்கும் கேட்டதா என்று அப்போது தெரியாது.

அணியின் பிசியோ அக்கா ஓடி வந்து "ஓகேயா" என்று கேட்டார். நான் ஓகே என்றேன். கையுறையைக் கழற்றாமல் மிச்சப் பயிற்சியையும் முடித்தேன். பந்து வருகிற பக்கத்துக்கு இடது கையையும் காலையும் கொண்டு போனேன். பயிற்றுநர் அன்று வெளிக்கள வீராங்கனைகளோடு நின்றதால் கவனிக்கவில்லை.

அறைக்கு வந்து கையுறையைக் கழற்றிப் பார்த்தால் விரல் நீலம் பாய்ந்து, கத்தரிக்காய்ப் பிஞ்சு போலத் தடித்திருந்தது. மடிக்க ஏலவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு சந்தியிலிருந்த பதாகையை நினைத்தேன். சனசமூக நிலையத்தின் திரையை நினைத்தேன். கதிரைகள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று மச்சாள் காலையில்தான் செய்தி அனுப்பியிருந்தாள். அவ்வளவு சனமும் கூடியிருந்து பார்க்கும்போது கோலுக்குள் வேறு ஒருத்தி நிற்பாள் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது அவள் உள்ளே வந்தாள். கையில் ஒரு பொலித்தீன் பை. சாப்பாட்டு அறையில் கேட்டு ஐஸ் வாங்கி வந்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் இருந்து, "காட்டு" என்றாள்.

"ஒண்டுமில்லை அக்கா. சுளுக்கு."

அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். அமத்தவில்லை. பார்த்துவிட்டு ஐஸை வைத்தாள்.

"நங்கி, இது சுளுக்கில்லை. நீ போய்ச் சொல்லவேணும்."

"நாளைக்குச் சரியாயிடும்."

"சரியாகாது. உனக்கும் தெரியும்." ஐஸ் பையை மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னாள். "நான் போய்ச் சொல்ல மாட்டன். நான் சொன்னா, என்ரை இடத்துக்காகச் சொன்னதா ஆகும். நீதான் சொல்லவேணும். ஆனா சொல்லுறதெண்டா இப்பவே சொல்லு. நாளைக்கு இறங்கவேணுமெண்டா நான் இப்பவே அதுக்கு மனசை ஆயத்தப்படுத்த வேணும்."

அந்தக் கடைசி வசனம் எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கிக்கொண்டுதான் பேசாமல் இருந்தேன்.

அவள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அடுத்த நாள் காலையில் என் மோதிர விரலையும் நடுவிரலையும் சேர்த்து நாடாவால் சுற்றிவிட்டாள். வீக்கத்தோடு என் கையுறைக்குள் கை போகவில்லை. அவள் தன்னுடைய பையைத் திறந்து தன் புதுக் கையுறையை எடுத்து நீட்டினாள். செம்மஞ்சள் நிறம். என்னுடையதைவிட ஓரளவு பெரிசு. அது அவள் இந்தப் பயணத்துக்கென்றே வாங்கியது, இன்னும் ஒரு போட்டியிலும் போடாதது. அதை நான் போட்டுக்கொண்டேன்.

போட்டி தொடங்கியது. எதிரணி நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. எங்கள் பின்கள வீராங்கனைகள் அன்று உயிரைக் கொடுத்து விளையாடினார்கள். எனக்கு வந்த பந்துகள் கொஞ்சம். வந்தவற்றைக் காலால் வெளியே அடித்தேன், ஒன்றிரண்டை மார்போடு அணைத்தேன். இடைவேளைக்குச் சற்று முன்பு தூரத்திலிருந்து ஒருத்தி ஓங்கி அடித்தாள். பந்து என் வலது பக்க மேல் மூலைக்கு வந்தது. பாய்ந்து கையை நீட்டினேன். பந்து பட்டதும் கை மடங்கிப் பின்னால் போய்விட்டது. என்னால் அதைத் தள்ள முடியவில்லை. அது என் விரல்களைக் கடந்து போய்க் குறுக்குக் கம்பத்தில் மோதி வெளியே விழுந்தது. அரை அங்குலம் கீழே வந்திருந்தால் கோல்.

ஆனால் பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. பந்தை விரல் நுனியால் கம்பத்துக்குத் தட்டிவிட்டேன் என்று நேர்முக வர்ணனையாளரே சொன்னாராம். என் அணியினர் ஓடி வந்து கட்டிப்பிடித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இடைவேளைக்குப் போகும்போது கோல் எதுவும் இல்லை. உடைமாற்றும் அறையில் பயிற்றுநர் பலகையில் கோடு கீறி இரண்டாம் பாதிக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிசியோ அக்கா தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார். என்னையறியாமல் வலது கையால் வாங்கப்போய்ப் போத்தல் கீழே விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். கையைப் பிடித்து, வாரை அவிழ்த்து, கையுறையை மெல்லக் கழற்றினார். நாடாவுக்கு மேலும் கீழும் விரல் கறுத்திருந்தது. பயிற்றுநர் பேனையை வைத்துவிட்டு வந்தார்.

"எப்ப நடந்தது?" என்று பயிற்றுநர் கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. நான் சொன்னேன்: "இப்பத்தான் சேர். அந்தக் கம்பத்திலை பட்ட பந்து."

சுற்றியிருந்த நாடாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. விரல்களுக்கு முன்கூட்டியே நாடா சுற்றுவது பந்துக்காப்பாளர்களின் வழக்கம்தான். என் எதிரே நீள வாங்கிலில் அவள் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நிலத்தைப் பார்த்தபடி இருந்தாளே தவிர ஒரு சொல் சொல்லவில்லை.

"ஐந்து நிமிஷம் இருக்கு. ஆயத்தப்படும்" என்று பயிற்றுநர் அவளிடம் சொன்னார்.

அவள் எழும்பி என்னிடம் வந்தாள். கையுறையைக் கேட்டாள். நான் மற்றக் கையுறையையும் கழற்றிக் கொடுத்தேன். என் வேர்வையில் ஊறிப்போயிருந்த அவளுடைய புதுக் கையுறையை அவள் காற்சட்டையில் ஒருதரம் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். அன்று முன்பயிற்சியில் அவள் எனக்குப் பந்து அடித்துத் தந்தாள். அவளுக்கு ஒருத்தரும் ஒரு பந்தும் அடித்துக் கொடுக்கவில்லை.

இரண்டாம் பாதி முழுவதும் கையில் ஐஸ் வைத்தபடி மாற்று வீராங்கனைகளின் வாங்கிலில் இருந்து பார்த்தேன். முதல் இருபது நிமிடம் அவள் நன்றாக நின்றாள். ஒருமுறை தனியாக வந்தவளின் காலடியில் விழுந்து பந்தை எடுத்தாள். பிறகு ஒரு மூலை உதையில் அவள் "எனக்கு" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் பின்கள வீராங்கனைக்கு இவ்வளவு நாளும் என் குரல்தான் பழக்கம். இருவரும் மோதினார்கள், பந்து உள்ளே போனது. போட்டி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது இன்னொன்று. இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றோம்.

அன்று மாலை வைத்தியசாலையில் படம் எடுத்து விரல் முறிந்திருக்கிறது என்றார்கள். பிளாஸ்டர் கட்டோடு விடுதிக்கு வந்து கைத்தொலைபேசியைப் பார்த்தால் ஊரிலிருந்து நிறையச் செய்திகள். மச்சாளின் குரல்பதிவு ஒன்று: "ஏனடி உன்னைப் பாதியிலை வெளியிலை எடுத்தவங்கள்? ஒரு கோலும் விடாமல் நிண்ட ஆளை ஆரும் எடுப்பாங்களே? இஞ்சை எல்லாரும் ஒண்டைத்தான் கதைக்கினம். தமிழ்ப் பிள்ளை எண்டு தெரிஞ்சுதான் எடுத்தவங்கள் எண்டு."

கையில் காயம் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "அப்பிடிச் சொல்லச் சொன்னவங்களோ?" அதற்கு நான் பதில் எழுதவில்லை. வாசித்ததாக இரண்டு நீலக் கோடு மட்டும் அவளுக்குப் போயிருக்கும்.

அந்தப் பதில் எழுதாமல் விட்டதைத்தான் இன்றுவரை நினைக்கிறேன். ஒரு வசனம் எழுதியிருந்தால் போதும். ஆனால் என் மனதின் ஒரு மூலைக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. நான் பிழை விட்டவள் என்பதைவிட, எனக்கு அநியாயம் நடந்தது என்பது கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. எங்கள் ஊரில் அப்படியான கதையை நம்ப வைக்க யாரும் கஷ்டப்படத் தேவையில்லை. எங்களுக்கு உண்மையாகவே நடந்தவை அவ்வளவு இருக்கின்றன. அந்த உண்மைகளின் முதுகில் என் பொய் ஏறிக்கொண்டது.

மூன்றாவது போட்டியில் அவள்தான் நின்றாள். அதிலும் தோற்றோம். திரும்பி வருகிற நாள் விமான நிலையத்தில் காத்திருந்தபோது அவள் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். முகநூலில் யாரோ போட்ட ஒரு பதிவு. இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் நான் பாய்ந்து பந்தைக் கம்பத்துக்குத் தட்டுகிறேன். மற்றதில் அவள் நிலத்தில் கிடக்க, பந்து அவளுக்குப் பின்னால் வலைக்குள் கிடக்கிறது. மேலே தமிழில் நாலு வரி. அதற்குக் கீழே கனக்கப் பேர் கருத்து எழுதியிருந்தார்கள். நான் இங்கே திருப்பி எழுதக்கூடியவை அல்ல.

"என்ன போட்டிருக்கு நங்கி?" என்று கேட்டாள்.

"சும்மா, போட்டி முடிவைப் போட்டிருக்கினம்" என்றேன்.

"சரி" என்று வாங்கிக்கொண்டாள். கொழும்பில் இறங்கி அவள் குருநாகல் பஸ்ஸுக்கும் நான் யாழ்ப்பாண பஸ்ஸுக்கும் பிரிந்தபோது, என் பையைத் தூக்கி பஸ்ஸின் வாசல்படிவரை வைத்துவிட்டுத்தான் போனாள். எனக்கு ஒரு கைதானே.

ஊரில் சந்தியிலேயே என்னை இறக்கி, மாலை போட்டு, மேளத்தோடு சனசமூக நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். சின்ன மேடை. முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும். நிலையத்துக்கு வெளியேயும் சனம். எல்லோரும் என் கையிலிருந்த பிளாஸ்டர் கட்டையே பார்த்தார்கள்.

விளையாட்டுக் கழகத் தலைவர் பேசினார். என்னைப் பயிற்சிக்குப் போக எத்தனையோ தடவை தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டவர், நல்ல மனிதர். "எங்கடை பிள்ளை நிக்குமட்டும் ஒரு கோல் விழேல்லை. எடுத்தாப் பிறகு ரெண்டு. ஏன் எடுத்தவை எண்டு நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கே விளங்கும்" என்றார். கைதட்டல் எழும்பியது. பிறகு திரையில் காட்சிகளைப் போட்டார்கள். முதலில் நான் பாய்ந்தது. எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். அடுத்து அவள் விட்ட இரண்டு கோல்கள். இரண்டாவது கோலில் அவள் நிலத்தில் கிடக்கிற இடத்தில் காட்சியை நிறுத்தினார்கள். பின்வரிசையில் யாரோ அவளைப் போல விழுந்து காட்டியிருக்க வேண்டும். பெரிய சிரிப்புச் சத்தம்.

நான் திரையைப் பார்த்தேன். அவளுடைய கைகள் பெரிதாகத் தெரிந்தன. அதே செம்மஞ்சள் கையுறை. சற்று முன்பு கைதட்டு வாங்கிய என் கையிலும் அதுதான் இருந்தது. அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. எனக்கு முகமெல்லாம் சூடேறியது.

எழும்பி ஒலிவாங்கியைக் கேட்டேன். நன்றி சொல்லப்போகிறேன் என்று நினைத்துத் தலைவர் தந்தார்.

"எனக்குக் கதைக்கத் தெரியாது. என்னை ஒருத்தரும் வெளியிலை எடுக்கேல்லை. விரல் முதல்நாளே முறிஞ்சிட்டுது. நான் மறைச்சுப்போட்டு இறங்கினனான். அந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை."

சிரிப்பு நின்றது. ஆனால் நான் நினைத்தபடி நடக்கவில்லை. தலைவர் மெல்ல ஒலிவாங்கியை என் கையிலிருந்து எடுத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "பாருங்கோ, எவ்வளவு பெரிய மனசு. தனக்கு நடந்த அநியாயத்தையும் மறைச்சு, அந்தப் பிள்ளையைக் காப்பாத்தப் பாக்கிறா. இதுதான் எங்கடை மண்ணிலை வளந்த பிள்ளை" என்றார். முதல் கைதட்டல்களைவிடப் பெரிய கைதட்டல்.

அந்த நேரத்தில் பேசாமல் கதிரையில் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. உண்மையும் சொல்லியாயிற்று, பெயரும் கெடவில்லை. இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்? ஒரு சில விநாடி உண்மையிலேயே இருந்துவிட்டேன். பிறகு மறுபடி எழும்பினேன். இந்தத் தடவை ஒலிவாங்கி இல்லாமல்தான் சொன்னேன், சத்தமாக.

"இல்லை அண்ணை. பெரிய மனசு ஒண்டுமில்லை. நான் பொய் சொன்னனான். விரல் முறிஞ்சது அவவுக்கு மட்டும்தான் தெரியும். போய்ச் சொல்லு எண்டு சொன்னவ. நான் சொல்லேல்லை. இடைவேளையிலை கோச் கேட்டவர், அவருக்கும் பொய்தான் சொன்னனான். கம்பத்திலை பட்ட பந்து நான் தட்டினதில்லை, கை ஏலாமல் விட்டது. உந்தப் படத்திலை நான் போட்டிருக்கிறது அவவின்ரை கிளவுஸ். அவ கோலுக்குள்ளை போகேக்கை அதைக் கழட்டிக் குடுத்தனான்."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. திரையில் அவள் இன்னும் நிலத்தில் கிடந்தாள். தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு திரையைப் போட்ட தம்பியைப் பார்த்துக் கையைக் காட்ட, திரை இருண்டது. ரோல்ஸும் சோடாவும் பரிமாறினார்கள். சனம் சாப்பிட்டுவிட்டு அதிகம் கதைக்காமல் கலைந்தது. ஒருவர் போகிறபோக்கில் "இதை அங்கை சொல்லியிருக்கலாம், இஞ்சை வந்து எங்களையேன் மடையராக்குவான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுதார். "மேடையிலை சொல்லவேணுமே பிள்ளை? முதலிலை வீட்டிலை சொல்லியிருக்கலாம்தானே" என்றார். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் எழும்பிப் போகவில்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அன்றே பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீர் எனக்கு முதல்நாள் சொல்லியிருந்தா, நான் அவவை வைச்சு வேறை மாதிரித் திட்டம் போட்டிருப்பன். பதினொரு பேரின்ரை உழைப்பு அது" என்றார். திட்டவில்லை. அடுத்த முகாமுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த முகாமுக்கும் வரவில்லை. விரல்தான் காரணமா, மற்றதுதான் காரணமா என்று நான் கேட்கவில்லை.

மச்சாளைக் கொண்டு முகநூல் பதிவைப் போட்டவரைக் கண்டுபிடித்தோம். அவர் எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. நடந்ததை எழுதி நானும் ஒரு பதிவு போட்டேன். என் நண்பிகள் ஏழெட்டுப் பேர் விருப்பம் தெரிவித்ததோடு அது நின்றுவிட்டது. பொய்யைப் பகிர்ந்தவர்களில் ஒருவரும் அதைப் பகிரவில்லை.

எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது அவளுக்கு அழைப்பு எடுப்பதுதான். இரண்டு கிழமை தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எடுத்தேன். ஊரில் நடந்ததைச் சொன்னேன். விமான நிலையத்தில் அவள் காட்டிய பதிவில் உண்மையில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அதுக்குக் கீழை மொழிபெயர்க்கிற பொத்தான் இருக்குத்தானே. உன்னட்டைக் காட்டமுதலே அமத்திப் பாத்திட்டன்."

"பேந்து ஏன் அக்கா என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"நீ என்ன சொல்லுவாய் எண்டு பாக்கத்தான்."

அவள் அதை அதோடு விட்டாள். பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். மகள் விளையாடப்போவதில்லை என்று தெரிந்திருந்தும், தேசிய கீதத்துக்கு மாற்று வீராங்கனைகள் எழும்பி நிற்கும்போது ஒருதரமாவது திரையில் தெரிவாள் என்று ஒவ்வொரு போட்டிக்கும் அரை நாள் விடுப்புக் கேட்டிருக்கிறார் அந்த அம்மா. அன்று மட்டும் விடுப்புக் கிடைக்காததால் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் கூட வேலை செய்கிறவர்களோடு பார்த்திருக்கிறார். திடீரென்று மகள் கோலுக்குள் போவதைக் கண்டு எல்லோரும் எழும்பி நின்றார்களாம்.

"வீட்டை போனவுடனை அம்மா ஒண்டுதான் கேட்டவ" என்றாள் அவள். "ஏன் மகள், கையைக் காலைக்கூட ஆட்டாமல் போய் நிண்டனி எண்டு. நான் சொன்னன், அவசரத்திலை கூப்பிட்டவை எண்டு. உன்னைப் பற்றி அவவுக்குச் சொல்லேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "விரலுக்குப் பயிற்சி செய் நங்கி. விறைக்க விடாதே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் இப்போது பெரியவர்களின் தேசிய அணியில் நிற்கிறாள். போன தகுதிகாண் சுற்றில் எல்லாப் போட்டிகளிலும் அவள்தான். நான் வேலை முடிந்து வந்து வீட்டு விறாந்தையில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்தேன். எங்கள் நத்தார்ப் பண்டிகைக்கு அவளும் அவர்களின் வெசாக் பண்டிகைக்கு நானும் ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்புவோம். அதற்குமேல் நெருக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை. கழகத் தலைவர் சில மாதம் என்னோடு கதைக்காமல் இருந்தார். பிறகு ஒருநாள் சந்தியில் கண்டு, "அந்தப் பிள்ளை இப்ப நல்லா விளையாடுறா போலை" என்றார். "ஓம் அண்ணை" என்றேன். அதோடு எங்களுக்குள் கதை பழையபடி தொடங்கிவிட்டது.

அன்று முதல் எனக்காக யாராவது கோபப்பட்டுப் பேசினால், அந்தக் கோபம் யாரின் தலையில் போய் இறங்குகிறது, அந்த ஆளுக்கும் வீட்டுக்குப் போனதும் ஏனென்று கேட்க ஒரு தாய் இருப்பாவே என்று ஒருதரம் நின்று யோசிக்காமல் என்னால் தலையாட்ட முடிவதில்லை.